முந்நூற்றுப் பன்னிரண்டாம் துண்டு

ரொறன்ரோ
14.02.1993

அன்புள்ள தங்கச்சி பராசக்திக்கு,

நானும் மச்சாளும் பிள்ளைகளும் இங்கே குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுகமாயிருக்கிறோம். உன்னையும் கதிரவேலு மச்சானையும் சந்நிதி முருகன் காப்பாற்றிக்கொண்டிருப்பான் என்று நம்புகிறேன். உன் மகள் அருந்ததி எங்கள் வீட்டு மேலறையில் இருந்து வேலைக்குப் போய்வருகிறாள். அவளைப் பற்றி நீ யோசிக்கவேண்டாம். அவள் எனக்கும் பிள்ளைதான்.

ஒரு முக்கியமான விசயம். வருகிற தொண்ணூற்றைந்தில் எங்கள் ஆலடிப்பிட்டி ரயில்வே ஸ்ரேசனுக்குத் தொண்ணூறு வயது. இங்குள்ள ஊர்ச்சங்கம் ஒரு நினைவு மலர் போடுகிறது. ஊரின் வரலாற்றை எழுத என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். எண்பத்து நாலில் நான் வெளிக்கிடும்வரை அங்கே ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவன் என்பதால் வேறு யாரைக் கேட்பார்கள்?

நீ எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைக்கிறவள். ஸ்ரேசன் வந்த கதை, மாம்பழமும் வெற்றிலையும் கோச்சியில் கொழும்புக்குப் போன காலம், இப்போது கட்டடம் எப்படி இருக்கிறது, எல்லாம் எழுதியனுப்பு. மனதுக்கு இதமாக இருக்கட்டும்.

மச்சானுக்கு என் அன்பைச் சொல்லு.

உன் அண்ணன்,
நமசிவாயம்

சிவமயம்
ஆலடிப்பிட்டி
07.05.1993

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் மூன்று மாதம் அலைந்து ஒருவாறு வந்து சேர்ந்தது. சந்நிதியான் புண்ணியத்தில் நாங்கள் நடமாடுகிறோம். இவருக்கு முழங்கால் உளைவு. அருந்ததிக்குக் குளிர் காலத்தில் காதுத் துளையில் புண் வரும். பஞ்சால் பொத்திக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வரலாறு கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்று, ஸ்ரேசன் பெயர்ப்பலகையில் எழுத்துக் கூட்டப் பழகியவள் நான். அந்தப் பலகை இப்போது மேற்குத் தெருவில் ஓர் ஆட்டுக்கொட்டிலுக்குப் படலைக் கதவு. ஆடுகள் உரஞ்சி உரஞ்சி 'ஆலடி' அழிந்துவிட்டது. 'பிட்டி' மட்டும் நிற்கிறது.

கோச்சி நின்று மூன்று வருடமாகிறது. முதலில் தண்டவாளச் சிலிப்பர் கட்டைகளைப் பங்கர்க் குழிகளுக்கு எடுத்தார்கள். குண்டுக்குப் பயந்து எடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கதவும் நிலையும் குண்டு தடுக்கவா போயின? ரிக்கற் கொடுக்கும் ஜன்னல் கோயில் மனேச்சர் வீட்டில். பயணிகள் இருக்கிற வாங்கு பஞ்சலிங்கத்தின் கடை வாசலில். கக்கூஸ் பீங்கானை ஒருவர் தலையில் சுமந்துகொண்டு போனதை நான் கண்ணால் கண்டேன். காலைப் பூசைக்கு மூன்று குறி விபூதியோடு வருகிற மனிசன்.

"என்ன அண்ணை, உதை எங்கை பிரதிட்டை செய்யப் போறியள்?" என்று கேட்டேன்.

"அரசாங்கத்தின்ரை தானே பிள்ளை" என்றார்.

எங்கள் வீடு மட்டும் சுத்தமா? மாட்டுக்கொட்டிலுக்கு இவரும் ஸ்ரேசன் ஓடு கொண்டுவந்தார். இருநூற்று நாற்பது. எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். ஒருநாள் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள்.

பழைய காலத்துக்கு வந்தால், ஸ்ரேசனில் குடிதண்ணீருக்கு இரண்டு பானை இருந்தது. எதற்கு இரண்டு என்று உங்களுக்கும் தெரியும். அதையும் மலரில் போடுவீர்களா?

இதம் கேட்டீர்கள், என்னிடம் இருப்பது இதுதான்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
பராசக்தி

ரொறன்ரோ
29.07.1993

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு யாவரும் நலம். மச்சானின் முழங்காலுக்கு ஒரு தைலம் ஆள்வசம் அனுப்புகிறேன்.

பீங்கான் கதையை வாசித்துவிட்டுச் சங்கத்தில் எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். ஆனால் பராசக்தி, மலரில் இதையெல்லாம் போட முடியாது. பிள்ளைகள் வாசிக்கப்போகிற புத்தகம். தண்ணீர்ப் பானைக் கதையும் வேண்டாம். எந்த ஊரில்தான் இரண்டு பானை இல்லை? நல்லதைக் கிளறி எடு.

தண்டவாளக் கடவைக் கேற்றடியில் நடந்த அந்த விபத்தைப் பற்றி யாராவது வந்து சொன்னால், அதையும் எழுதிக்கொண்டிராதே. விசாரணை நடந்து முடிந்த விசயம். முடிந்தது முடிந்ததாக இருக்கட்டும்.

அருந்ததிக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. சண்டிலிப்பாய்ப் பகுதி, பொறியியலாளர். பிறகு விபரமாக எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
நமசிவாயம்

சிவமயம்
ஆலடிப்பிட்டி
18.11.1993

அன்புள்ள அண்ணைக்கு,

தைலம் வந்தது, இவர் மடக்கி நீட்டுகிறார். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. நீங்கள் எல்லோரும் சுகமென்று அறிந்து சந்தோசம்.

விபத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லையே? நீங்களாக ஏன் எடுத்தீர்கள் என்று யோசித்துக்கொண்டு கடைக்குப் போனேன். முருகன் விளையாட்டு அங்கேதான் இருந்தது.

இங்கே எழுதக் கடதாசி இல்லை, சாமான் சுற்றவும் இல்லை. பஞ்சலிங்கம் சீரகத்தைச் சுருளில் சுற்றித் தந்தான். வீட்டில் விரித்தால் உங்கள் கையெழுத்து. அந்தச் சாய்ந்த எழுத்தை எந்த இருட்டிலும் எனக்குத் தெரியும். திரும்ப ஓடினேன்.

"உது ஸ்ரேசன் புத்தகம் அக்கா. நல்ல தடிப்பு. கச்சான் கடலைக்கும் சீரகத்துக்கும் உதுதான் திறம்."

"என்ன எழுதியிருக்கெண்டு பாத்தனியே?"

"சீரகம் வாங்க வாற சனம் சீரகத்தைத்தான் பாக்குது."

மகளின் பழைய பாடக் கொப்பிகளைக் கொடுத்து மிச்சத்தை மாற்றிக்கொண்டு வந்தேன். கேற்றுக்கு ரெலிபோன் அடித்த விபரப் புத்தகம். இரண்டு நாள் இருந்து பக்கங்களை ஒழுங்குபடுத்தினேன். அந்த நாளும் இருக்கிறது: 28.08.1970, வெள்ளி. வெற்றிலைக் கூடைகளோடு வந்த ஏரம்புவையும் பெண்சாதி பாலேஸ்வரியையும் வண்டிலோடும் மாட்டோடும் நல்லூர்த் தேர் ஸ்பெசல் கோச்சி அடித்த நாள்.

உங்கள் வேலை எனக்கு ஓரளவு தெரியும். கோச்சி வருமுன் நீங்கள் கேற்றுக்கு ரெலிபோன் அடிக்கவேண்டும். கேற்காரன் செபநாயகம் கேற்றைச் சாத்திவிட்டு, தன்னிடமுள்ள இலக்கம் அடித்த சிட்டைப் புத்தகத்தில் ஒரு துண்டைக் கிழித்து, அதிலுள்ள இலக்கத்தைச் சொல்லவேண்டும். அதை நீங்கள் எழுதிய பிறகுதான் கோச்சிக்குக் கைகாட்டி விழும். ஒரு துண்டு ஒருமுறைதான். அடுத்த கோச்சிக்கு அடுத்த இலக்கம்.

அன்று காலை மெயிலுக்கு 311. பத்து நாற்பதுக்கு ஸ்பெசல், 312. அன்று அதற்குப் பிறகு ஒரு கோச்சியும் ஓடவில்லை. பக்கத்தைப் புரட்டினேன். மறுநாள் காலை, பதில் வேலைக்கு வந்த கேற்காரன் சொன்ன முதல் இலக்கமும் 312.

ஸ்பெசலுக்குக் கிழித்த துண்டு மறுநாள் காலையில் எப்படிச் சிட்டையில் இருந்தது அண்ணை? எனக்கு விளங்கவில்லை. நீங்கள் விளங்கப்படுத்துங்கள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை,
பராசக்தி

சிவமயம்
ஆலடிப்பிட்டி
20.02.1994

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. தபாலின் குற்றமாயிருக்கும், சுகக்குறைவாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு திரும்ப எழுதுகிறேன்.

போன கிழமை செபநாயகத்தைப் பார்க்கப் போனேன். கேற்றடிக்குப் பின்னால் அதே ஓலைக் கொட்டில். ஒரு கையும் காலும் வழங்காமல் படுக்கையில் இருக்கிறார். குருநகரில் கடற்கரையை விட்டு இந்த வேலைக்கென்று வந்த மனிசன், வேலை போன பிறகும் ஏன் இங்கேயே கிடந்தார் என்று முன்பெல்லாம் நினைப்பேன். "ஓடினால் நான்தான் செய்தனான் எண்டு ஆயிடுமே" என்றார்.

இலக்கங்களைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம் இல்லை.

"ரெலிபோன் அடிக்கேல்லை பிள்ளை. ஸ்பெசல் வாறது எனக்குத் தெரியாது. விசாரணையிலை உதைத்தான் சொன்னனான். மாஸ்ரரின்ரை புத்தகத்திலை இலக்கம் இருக்குது, நீ சொல்லாமல் அவருக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டாங்கள். அதோடை என்ரை வேலை போச்சுது."

காலையில் 311 சொன்னவர் அடுத்தது 312 தான் சொல்வார் என்று யாருக்கும் தெரியும். விசாரணைக்கு வந்த பெரிய துரைமாருக்கு மட்டும் தெரியவில்லை. ஒருவரும் பக்கத்தைப் புரட்டவில்லை.

மலரைப் பற்றியும் சொன்னேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "எனக்கு ஒண்டும் வேண்டாம். ரெலிபோன் அடிக்கேல்லை எண்டு ஒரு வரி எழுதச் சொல்லு பிள்ளை. நான் இருக்கக்குள்ளை வாசிச்சுக் காட்டினால் காணும்."

அவர் பெண்சாதி கத்தரீனா தேத்தண்ணீர் தந்தாள். அதைக் குடித்தபோதுதான் எனக்குக் கிணற்றடி ஞாபகம் வந்தது. விபத்துக்குப் பிறகு ஸ்ரேசன் கிணற்று வாளியைத் தொட ஊர் அவளை விடவில்லை. கொலைப்பழி பட்ட கை என்றார்கள். யாராவது அள்ளி அவள் குடத்தில் ஊற்றவேண்டும். நானும் ஊற்றினேன், குடத்தில் வாளி படாதபடி உயர்த்திப் பிடித்து. இருபத்து மூன்று வருடம். அதைப் புண்ணியம் என்று வேறு நினைத்திருந்தேன்.

உங்கள் சுகத்துக்கு உடனே எழுதுங்கள்.

தங்கை,
பராசக்தி

ரொறன்ரோ
02.05.1994

அன்புள்ள தங்கச்சிக்கு,

இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. கடவுள் கிருபையால் சுகத்துக்குக் குறைவில்லை. இந்த முறை பனி அதிகம்.

அருந்ததியின் விசயம் கிட்டத்தட்ட ஒப்பேறிவிட்டது. மாப்பிள்ளை பகுதி கௌரவமான ஆட்கள், எங்கள் குடும்பத்தைப் பற்றித் தீர விசாரித்துத்தான் ஓம் என்றார்கள். நான் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்ததை அவர்கள் பெரிதாக மதிக்கிறார்கள்.

அந்தப் பழைய கடதாசிகள் செல்லரித்துப் போகும். மலருக்குப் படம் எடுத்துப் போடலாம். கொழும்புக்கு வருகிற யாரிடமாவது முழுவதையும் கொடுத்துவிடு. அங்கே ஒன்றையும் வைத்திருக்கவேண்டாம்.

செபநாயகத்துக்கு என் அனுதாபம். பாரிசவாதம் வந்தவர்களின் ஞாபகத்தை நம்ப முடியாது.

உன் அண்ணன்,
நமசிவாயம்

சிவமயம்
ஆலடிப்பிட்டி
11.08.1994

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் சுகமென்று எழுதியிருந்தீர்கள்.

செபநாயகத்தின் ஞாபகத்தை விடுங்கள். என் ஞாபகத்துக்குப் பாரிசவாதம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடந்தது? அருந்ததிக்குக் காது குத்தினோம். சுபநேரம் பத்தேகாலுக்கும் பத்து ஐம்பதுக்கும் இடையில். தாய்மாமன் மடியில் இருத்தித்தான் குத்தவேண்டும். நகைப் பத்தர் ஊசியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார், மாமனைக் காணவில்லை. நேரம் போகிறதென்று நான்தான் ஆளனுப்பினேன். ஸ்ரேசன் கூப்பிடு தூரம். வேர்க்க விறுவிறுக்கத் தொப்பியோடு வந்து இருந்தீர்கள்.

"கெதியாய், கெதியாய். ஸ்பெசல் வருது" என்றீர்கள்.

"அப்ப ஸ்ரேசனிலை ஆர் அண்ணை?" என்று கேட்டேன்.

"கைகாட்டியைப் போட்டர் விழுத்துவான். நான் எல்லாம் எழுதிவிட்டு வந்தனான்" என்றீர்கள்.

பிள்ளை வீரிட்டு அழுதாள். அதற்கு மேலால் கோச்சி ஊதினது கேட்டது. விடாமல் ஊதினது. நான் பிள்ளையின் காதில் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் எழுதிவிட்டு வந்தனான்." இந்தச் சொல்லை நான் இருபத்து நாலு வருடம் வைத்திருந்திருக்கிறேன். உப்பு எத்தனை கொத்து, விளக்குக்கு எண்ணெய் எத்தனை போத்தல் என்று ஒன்று விடாமல் எழுதியவள், இதை மட்டும் எழுதவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை என்று சொல்லலாம். அந்தச் சமாதானம் என்னிடமே செல்லாது. நாலு மாதம் கோயிலுக்குப் போகவில்லை. கத்தரீனாவின் குடத்துக்கு உயரத்திலிருந்து ஊற்றிய கையால் எந்தப் பூவைப் பறிக்கிறது?

கடதாசிகளை அனுப்பமாட்டேன்.

உங்கள் மச்சான் விசாரித்ததாகச் சொன்னார்.

தங்கை,
பராசக்தி

ரொறன்ரோ
30.10.1994

தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அம்மா அப்பா இல்லாத வீட்டில் உன்னைக் கரைசேர்த்த கடனை அடைக்கவும் மச்சானுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் எனக்கு அந்த உத்தியோகம் ஒன்றுதான் இருந்தது. அது போயிருந்தால் உன் வீடு ஏது? அருந்ததிக்குக் கனடா ஏது? அவர் ஒரு கேற்காரன். இன்றைக்கு அவர் பெயரை வைத்து என்ன செய்யப்போகிறார்?

கலியாணம் கார்த்திகை முதல் கிழமையில். மாப்பிள்ளை பகுதியார் எல்லாக் கடிதத்தையும் அருந்ததியிடம் வாங்கி வாசிக்கிற ஆட்கள். அவளுக்கு எழுதும்போது யோசித்து எழுது. அவள் என் வீட்டில் இருக்கிறாள் என்பதை நான் உனக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

நமசிவாயம்

சிவமயம்
ஆலடிப்பிட்டி
25.01.1995

அண்ணைக்கு,

சண்டை நின்றிருக்கிறது. மண்ணெண்ணெய் கொஞ்சம் வருகிறது. சுகம்.

கலியாணம் நன்றாக நடந்ததென்று அருந்ததி எழுதினாள். மாமன் கடமை முழுவதும் நீங்கள்தான் செய்ததாகவும் எழுதினாள். அதை நான் மறக்கமாட்டேன். மறக்க முடிந்தால் எனக்கு இது இலேசாக இருந்திருக்கும்.

உங்கள் பெயரை எழுதச் சொல்லவில்லை. என் பெயரைப் போடுங்கள், காது குத்துக்கு ஆளனுப்பியது நான். ஒரு வரி மட்டும்: "1970 ஆவணியில் நடந்த விபத்தின்போது கேற்றுக்கு ரெலிபோன் அடிக்கப்படவில்லை, கேற்காவலர் செபநாயகம் மீது குற்றமில்லை."

அவருக்கு இப்போது கஞ்சிதான் இறங்குகிறது. நான் போகும்போதெல்லாம், "வந்திட்டுதே பிள்ளை?" என்று கேட்கிறார். கடிதத்தை அல்ல, மலரை.

பராசக்தி

ரொறன்ரோ
16.05.1995

அன்புள்ள தங்கச்சிக்கு,

திரும்பச் சண்டை தொடங்கிவிட்டதென்று கேள்விப்பட்டு எல்லோரும் கவலையாக இருக்கிறோம். கவனமாக இருங்கள்.

மலர் வெளிவந்துவிட்டது. விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன், உன் பெயரும் இருக்கிறது, பார். சொன்னால் செய்கிறவன் நான் என்று உனக்குத் தெரியும்.

உன் அண்ணன்,
நமசிவாயம்

சிவமயம்
ஆலடிப்பிட்டி
03.12.1995

அண்ணைக்கு,

மலர் ஐப்பசி முதல் கிழமை வந்தது. பளபளப்பான தாள். சீரகம் சுற்ற உதவாது.

பத்தொன்பதாம் பக்கத்தை வாசித்தேன். "தொண்ணூறு ஆண்டுகளில் ஆலடிப்பிட்டி நிலையத்தில் ஒரு சிறு விபத்துத்தானும் நிகழ்ந்ததில்லை." அதற்குக் கீழே, "தகவல் உதவி: சகோதரி பராசக்தி கதிரவேலு." சொன்னபடி என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். ஏரம்புவும் பாலேஸ்வரியும் சாகவே இல்லை என்று நான் தகவல் சொன்னதாக ஆயிரம் பிரதி. புத்தகத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சோறு தின்றேன்.

பிறகு ஆமி வருகிறதென்று வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையோடு எழும்பி இந்தப் பக்கம் வந்தது. நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இந்தச் சின்ன ஊருக்குள் எத்தனை ஆயிரம் என்று எண்ண முற்பட்டு விட்டுவிட்டேன். ஸ்ரேசனுக்குள் மட்டும் அறுபத்தொரு குடும்பம். கதவில்லை, நிலையில்லை, ஓடில்லை. பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நனைந்து நின்றதுகள். பீங்கானைத் தலையில் கொண்டுபோன மனிசன் குடை பிடித்து வந்து, "ஐயோ பாவம்" என்றுவிட்டுப் போனார். இவர் மாட்டுக்கொட்டில் கூரையில் ஏறினார். இருநூற்றுப் பன்னிரண்டு ஓடு உடையாமல் கழன்றது. இருபத்தெட்டுக் குறைவு. கொண்டுபோய் வடக்குப் பக்கத்துக்குப் போட்டோம். மாடு நனைகிறது.

கிணற்றில் ஒரு வாளிதான். அள்ளுவது யார் கை என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. கத்தரீனாவும் அள்ளுகிறாள். நாங்கள் திருந்தினோம் என்று மட்டும் உங்கள் அடுத்த மலரில் எழுதிவிடாதீர்கள். வரிசை நீளம், அவ்வளவுதான்.

அவர்களின் கொட்டிலும் வெள்ளத்தில் போய்விட்டது. செபநாயகண்ணையை ஸ்ரேசனுக்குள்தான் கொண்டுவந்து கிடத்தினோம். நீங்கள் மேசை போட்டிருந்த மூலை.

அங்கே இருக்கிற சனத்துக்கு வாசிக்க ஒரு துண்டுக் கடதாசி இல்லை. சண்டிலிப்பாயிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட ரீச்சர் என்னிடம் ஏதாவது புத்தகம் கேட்டா. மலரை எடுத்தேன். உங்கள் வரியைக் கோடிட்டு வெட்டி, நான் உங்களுக்கு எழுதிய வரியை அதற்கு மேலே மையால் எழுதினேன். 312 இரண்டுமுறை வந்ததையும் விளிம்பில் எழுதினேன். என் பெயரை வெட்டவில்லை. இப்போது அது சரியான இடத்தில் இருக்கிறது.

ரீச்சருக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. ஸ்ரேசன் வரலாறு என்று கேட்டுச் சனம் சுற்றியிருந்தது. அச்சில் இருந்ததையும் கையால் எழுதியதையும் ஒரே குரலில் வாசித்துக்கொண்டு போனா. "கேற்காவலர் செபநாயகம் மீது குற்றமில்லை" என்று வந்ததும் மூலையிலிருந்து சத்தம்:

"அதைத் திரும்ப வாசி பிள்ளை."

வாசித்தா.

"ஆற்றை பேர் போட்டிருக்கு?"

"செபநாயகம் எண்டு இருக்கு ஐயா. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளே?"

"ஓம்" என்றார். "தெரிஞ்ச ஆள்தான்."

பிறகு கத்தரீனாவிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தார். அதற்கு ஒன்பதாம் நாள் போய்விட்டார். பெட்டி செய்யப் பலகை இல்லை. கோயில் மனேச்சர் வீட்டுக்கு நானும் இவரும் போய் ரிக்கற் ஜன்னலைக் கேட்டோம். மறுத்தார். நான் மலரை விரித்துப் பத்தொன்பதாம் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன். கழற்றித் தந்தார்.

புத்தகம் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கிறது. விளிம்பு கறுத்துவிட்டது. 312 உள்ள பழைய பக்கங்கள் இரண்டும் கத்தரீனாவின் செபப் புத்தகத்துக்குள் இருக்கின்றன, ஆளனுப்பாதீர்கள்.

இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை அருந்ததிக்கும் எழுதியிருக்கிறேன். அவள் காது அது. மாப்பிள்ளை பகுதியாரும் வாசிக்கட்டும்.

உங்கள் சுகத்தை இம்முறை கேட்கவில்லை. செபநாயகண்ணையின் முதலாம் ஆண்டுப் பூசைக்கு இப்போதே நாளைக் குறித்தாகிவிட்டது. கத்தரீனாவுக்கு ஒரு வரி எழுதுவதென்றால் அதற்குள் எழுதுங்கள்.

பராசக்தி